கோடு, ஆங்கில ஆவணம், தமிழ்க் கையேடு: எழுத்துப்பிழைச் சோதனையை சிஐ-யில் எப்படி வைப்பது?

நெய்தல்

எங்கள் ரெப்போவின் (கோடு இருக்கும் கிட் களஞ்சியம்) அமைப்பு இது: பின்புலம் பைத்தான், முகப்பு டைப்ஸ்கிரிப்ட், ஆங்கில ஆவணங்கள் மார்க்டவுன். பயனர் கையேடு மட்டும் தமிழில், தனி அடைவில். முகப்பின் தமிழாக்கம் கெட்டெக்ஸ்ட் என்ற மொழிபெயர்ப்புக் கருவியின் பி.ஓ. கோப்புகளில் இருக்கிறது.

சிஐ-யில் (கோடு மாறும்போதெல்லாம் தானாக ஓடும் சோதனை) இப்போது சிஸ்பெல் என்ற எழுத்துப்பிழைக் கருவி ஓடுகிறது. ஒவ்வொரு பிஆருக்கும் (மாற்றத்தைச் சேர்க்கும் கோரிக்கை) நூற்றுக்கணக்கில் எச்சரிக்கை. பெரும்பாலானவை லைப்ரரிப் பெயர்கள், ஆட்களின் பெயர்கள், ஹாஷ் (எழுத்தும் எண்ணும் கலந்த அடையாளக் குறி) துண்டுகள், தமிழ்ச் சொற்கள். உண்மையான பிழை நடுவில் புதைந்துவிடுகிறது. குழுவில் யாரும் அந்தப் பட்டியலைத் திறப்பதே இல்லை.

எந்தக் கருவியை எந்த இடத்தில் வைக்கலாம்? பழைய கோடில் குவிந்திருப்பதை எந்த வரிசையில் திருத்துவது? தமிழ்க் கையேட்டை ஏதாவது கருவி உருப்படியாகப் பார்க்குமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கிளைமுனை

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும், தோழர். இந்தக் கருவிகள் இரண்டு குலம்.

ஒரு குலத்திடம் இருப்பது தவறான சொற்களின் பட்டியல். கோட்ஸ்பெல், டைப்போஸ், கோ மொழிக்காரர்களின் மிஸ்ஸ்பெல் மூன்றும் இப்படித்தான். 'ரிசீவ்' சொல்லில் ஐ-யும் ஈ-யும் இடம் மாறியது, 'செப்பரேட்' நடுவில் ஏ-க்குப் பதில் ஈ, 'லெங்த்' கடைசியில் டி-யும் ஹெச்-சும் புரண்டது என்று மனிதர்கள் வழக்கமாகச் செய்யும் பிழைகளும் அவற்றின் திருத்தங்களும் ஜோடியாக இருக்கும். பட்டியலில் இல்லாத சொல்லைக் கருவி கண்டுகொள்ளாது. ஆகவே உங்கள் லைப்ரரிப் பெயர், ஊழியர் பெயர் எதற்கும் கத்தாது. யாரும் இதுவரை செய்யாத புதுப் பிழையையும் பிடிக்காது.

இன்னொரு குலத்திடம் இருப்பது சரியான சொற்களின் பட்டியல். சிஸ்பெல், ஆஸ்பெல், ஹன்ஸ்பெல், விம்மின் உள்ளமைந்த சோதனை எல்லாம் இதில் சேரும். பட்டியலில் இல்லாத எதுவும் பிழை. புதுப் பிழையையும் பிடிக்கும். புதுப் பெயரையும் பிடிக்கும்.

பிஆரைத் தடுத்து நிறுத்தும் வாயிலில் வைக்க வேண்டியது முதல் குலம். இரண்டாவது எடிட்டருக்குள் இருக்க வேண்டும். எழுதுகிறவர் அலைக்கோட்டைப் பார்த்து அந்த நொடியே 'இது பெயர்', 'இது பிழை' என்று முடிவு செய்துவிடுவார். அதே முடிவை ஒரு மணி நேரம் கழித்து சிஐ லாகில் எடுக்கச் சொன்னால் யாரும் செய்யமாட்டார்கள். உங்கள் சிக்கல் சிஸ்பெல் மோசமான கருவி என்பதால் வரவில்லை, அது நிற்கும் இடத்தால் வருகிறது.

இரும்புத்துரு

வாயிலுக்கு டைப்போஸ் வைங்க. காரணம் வேகம் மட்டும் இல்ல. கோட்ஸ்பெல்லோட இயல்பான ரெஜெக்ஸ்ல (எது ஒரு சொல்னு தேடுற வடிவம்) அடிக்கோடும் சொல்லின் பகுதி. அதனால 'ரிசீவ்' தப்பா எழுதி, அடிக்கோடு போட்டு, 'டேட்டா' சேர்த்தா, அது மொத்தமும் ஒரே சொல். அப்படி ஒரு சொல் பட்டியல்ல கிடையாது, சத்தமில்லாம போயிடும். ஒட்டக நடைப் பெயர்களுக்கும் (இடைவெளி இல்லாம நடுவுல பெரிய எழுத்து வர்றது) இதே கதி. கமென்ட்ல இருக்குற பிழை மாட்டும், ஃபங்ஷன் பெயர்ல இருக்குறது தப்பிச்சிடும்.

டைப்போஸ் பெயரை அடிக்கோட்டுலயும் பெரிய எழுத்துலயும் உடைச்சு ஒவ்வொரு துண்டையும் பார்க்கும். ஹாஷ், யூயூஐடி (தனித்த அடையாள எண்), நீளமான பேஸ்64 சரம் (எழுத்தா மாத்தின பைனரித் தரவு) இதையெல்லாம் தானே ஒதுக்கிடும். கிட்-இக்னோர் கோப்பையும் மதிக்கும்.

அமைப்புக் கோப்புல ரெண்டு இடத்தைக் குழப்பிக்காதீங்க. எக்ஸ்டென்ட்-வேர்ட்ஸ் பகுதி உடைச்ச துண்டுக்கு. எக்ஸ்டென்ட்-ஐடென்டிஃபையர்ஸ் பகுதி முழுப் பெயருக்கு. ஒரு குறிப்பிட்ட மாறியின் பெயர்தான் சிக்கல்னா ரெண்டாவதுல போடுங்க. முதல்ல போட்டா அந்தத் துண்டு ரெப்போ முழுக்க அனுமதி வாங்கிடும், நாளைக்கு வேற இடத்துல உண்மையான பிழையா வந்தாலும் கருவி பேசாது. ரெண்டுலயும் முறை ஒண்ணுதான்: இடப்பக்கம் சொல், வலப்பக்கம் அதே சொல்லைத் திரும்ப எழுதினா 'இது சரி'ன்னு பொருள். வலப்பக்கம் வெறுமையா விட்டா 'இது எப்பவுமே தப்பு'.

மொழி வட்டாரத்தைச் சொல்லலைன்னா அமெரிக்க, பிரிட்டிஷ் எழுத்து ரெண்டையும் ஏத்துக்கும். அப்படியே விடுங்க. 'கலர்' சொல்லுல யூ வரணுமா வேண்டாமாங்கிற சண்டையை எழுத்துப்பிழை வாயில்ல நடத்தவேண்டாம்.

ப்ரீ-கமிட் (மாற்றத்தை கிட்ல பதியுறதுக்கு முன்னாடி சோதனை ஓட்டுற கருவி) வழியா ஓட்டினா ஒரு எச்சரிக்கை. அதுக்கு டைப்போஸ் தர்ற ஹுக் இயல்பாவே கோப்பைத் திருத்தி எழுதும். சோதனை மட்டும் போதும்னா ஆர்கியூமென்ட்டை நீங்களே கொடுத்து அதை மாத்தணும். மாத்தும்போது ஃபோர்ஸ்-எக்ஸ்க்ளூடைத் தூக்கிடாதீங்க. ப்ரீ-கமிட் கோப்புப் பெயர்களை நேரடியா கருவிகிட்ட கொடுக்கும், அப்போ அமைப்புல நீங்க விலக்கின அடைவு செல்லாது. அந்த விருப்பம் இருந்தாத்தான் விலக்கு மதிக்கப்படும்.

கிளைமுனை

துரு சொன்னதை ஏற்கிறேன். ஆனால் கோட்ஸ்பெல்லை ஒதுக்க வேண்டாம். பைத்தான் சூழலில் இருப்பவர்களுக்கு பைப்ராஜெக்ட் டாம்ல் என்ற திட்ட அமைப்புக் கோப்பிலேயே அமைப்பை எழுதிக்கொள்ளலாம், வேறு எதுவும் நிறுவ வேண்டியதில்லை. ஆங்கில உரைநடைக்கு அதன் பட்டியல் மிக நல்லது. சில நுணுக்கங்கள் மட்டும்.

புறக்கணிப்புப் பட்டியலில் போடும் சொல்லை, கோட்ஸ்பெல்லின் அகராதியில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுத வேண்டும், பெரும்பாலும் சிறிய எழுத்தில். உங்கள் கோடில் பெரிய எழுத்தில் இருப்பதை அப்படியே நகலெடுத்தால் வேலை செய்யாது. 'புறக்கணிக்கச் சொன்னேன், இன்னும் கத்துகிறது' என்ற புகாருக்கு வழக்கமான காரணம் இதுதான். எண்ணியல் கணிப்புக் கோடில் பல பரிமாண அணிகளைக் குறிக்கும் 'என்டி', வரைபடக் கோடில் 'ஹிஸ்ட்' இரண்டும் முதல் நாளே மாட்டும். தயங்காமல் சேர்த்துவிடுங்கள்.

திருத்தி எழுதும் விருப்பத்தைக் கொடுத்தாலும் எல்லாவற்றையும் திருத்தாது. ஒரு பிழைக்கு இரண்டு மூன்று திருத்தங்கள் சாத்தியம் என்றால் அந்த இடத்தைத் தொடாமல் காட்டிவிட்டு நகரும். ஊடாட்ட நிலை 3 என்று கொடுத்தால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒப்புதல் கேட்கும்; பல திருத்தம் உள்ள இடத்தில் எது வேண்டும் என்றும் கேட்கும். பழைய ரெப்போவை முதல்முறை சுத்தம் செய்ய இதுதான் சரியான வழி.

உள்ளமைந்த அகராதிகள் பல. இயல்பாக ஓடுவது 'கிளியர்', 'ரேர்' இரண்டும்தான். 'கோட்' என்ற அகராதியை நிரல் கோப்புகளில் இயக்காதீர்கள். பெயர் ஏமாற்றும். அதில் இருப்பவை உரைநடையில் பிழையாகவும் நிரலில் சரியாகவும் இருக்கக்கூடிய சொற்கள். குறியில்லா முழு எண்ணின் வகைப் பெயரை 'யூனிட்' என்று மாற்றச் சொல்லும். ஆவண அடைவுக்கு மட்டும் அது பொருந்தும்.

தவிர்க்க வேண்டிய கோப்புகள்: சார்புகளைப் பூட்டும் லாக் கோப்புகள், சுருக்கப்பட்ட ஜாவாஸ்கிரிப்ட், எஸ்விஜி, ஜுபிட்டர் நோட்புக். கடைசியதில் படங்கள் பேஸ்64 ஆகப் பதிந்திருப்பதால் இரண்டெழுத்து, மூன்றெழுத்துத் துண்டுகள் தற்செயலாகப் பிழைப் பட்டியலோடு பொருந்தும்.

அடிக்கோட்டுச் சிக்கலுக்கு ரெஜெக்ஸை நீங்களே மாற்றிக் கொடுக்கலாம், எழுத்துகள் மட்டும் என்று. ஆனால் அப்போது மேற்கோள் குறியோடு வரும் சொற்களின் பிழைகள் நழுவும். இரண்டு ஓட்டமாக வைத்தால் போயிற்று.

சிவப்புமை

ஆவணத்துக்கு வேல் என்ற உரைநடைச் சோதனைக் கருவி பற்றி யாரும் சொல்லவில்லையே. மார்க்டவுன், ஆஸ்கிடாக், ரீஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட் மூன்றின் அமைப்பும் அதற்குப் புரியும். கோடு பெட்டியையும் பத்திக்குள் வரும் கோடு துண்டையும் விட்டுவிட்டு உரைநடையை மட்டும் பார்க்கும். இது பழைய தேவைதான். பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸின் ஸ்பெல் நிரலுக்கும் ட்ராஃப் (அச்சு வடிவமைப்பு மொழி) கட்டளைகளை உரித்துவிட்டுச் சொற்களை மட்டும் கொடுக்க டீராஃப் என்ற நிரல் தேவைப்பட்டது. மார்க்அப்பை உரிக்காத சோதனை எந்தக் காலத்திலும் பயனில்லை.

வேலின் எழுத்துச் சோதனை ஹன்ஸ்பெல் அகராதியில் நிற்கிறது. ஆகவே கிளைமுனை சொன்ன இரண்டாவது குலம். உங்கள் துறைச் சொற்களை அக்செப்ட் பட்டியலில் போட வேண்டும். இங்கே ஒரு கூடுதல் பலன் இருக்கிறது: அக்செப்ட் பட்டியலில் 'ஜாவாஸ்கிரிப்ட்' என்பதை ஜே, எஸ் இரண்டும் பெரிய எழுத்தாகப் போட்டால், ஆவணத்தில் எஸ் சிறிதாக வரும் இடத்தை வேல் தனி விதியாகவே சுட்டிக்காட்டும். ரிஜெக்ட் பட்டியல் நேர்மாறு, அதில் உள்ள சொல் வந்தாலே பிழை.

இரண்டு குலமும் பிடிக்காத ஒரு வகை மிச்சம் இருக்கிறது. 'ஃப்ரம்' எழுத நினைத்து 'ஃபார்ம்' எழுதுவது, 'ட்ரயல்' எழுத நினைத்து 'ட்ரெயில்' எழுதுவது. இரண்டுமே அகராதியில் உள்ள சொற்கள். சொல்லைத் தனியாகப் பார்க்கும் எந்தக் கருவிக்கும் இது தெரியாது. லாங்குவேஜ்டூல் போன்ற இலக்கணச் சோதனை, பக்கத்துச் சொற்களோடு சேர்த்துப் பார்ப்பதால், ஓரளவு பிடிக்கும். ஆனால் அதை வாயிலில் வைக்காதீர்கள். வெளியீட்டுக்கு முன் ஆவணத்தை வாசிப்பவர் கையில் கொடுங்கள்.

ஆவணத்தில் எழுத்துப்பிழை திருத்தும்போது தலைப்புகளைத் தனியாகப் பாருங்கள். தலைப்பிலிருந்துதான் இணைப்புக்கான நங்கூரம் உருவாகிறது. தலைப்பில் ஓர் எழுத்தை மாற்றினால் நங்கூரமும் மாறும், வெளியிலிருந்து அந்தப் பகுதிக்கு வரும் இணைப்புகள் பக்கத்தின் தொடக்கத்தில் போய் நிற்கும். பழைய நங்கூரத்தை வெற்று ஹெச்டிஎம்எல் குறியாக மேலே விட்டுவைக்கலாம்.

நெய்தல்

தெளிவாகிறது. சிஸ்பெல்லை எடிட்டருக்கு நகர்த்துவதென்றால் அதன் அகராதியை எப்படித் தொடங்குவது? தெரியாத சொற்களை எல்லாம் ஒரே தடவையில் சேர்த்துவிடலாமா?

கிளைமுனை

கூடாது. அப்படிச் செய்தால் இருக்கும் பிழைகள் அத்தனைக்கும் நிரந்தர அனுமதி கிடைத்துவிடும்.

முறை இது. சிஸ்பெல்லை 'சொற்கள் மட்டும்', 'ஒவ்வொன்றும் ஒரு முறை' என்ற இரண்டு விருப்பங்களோடு ஓட்டி வெளியீட்டை ஒரு கோப்புக்கு அனுப்புங்கள். அதற்கு முன்பே டைப்போஸை ஓட்டித் திருத்தியிருக்க வேண்டும். தெரிந்த பிழைகள் அதிலேயே விழுந்துவிடும். மிஞ்சும் பட்டியலை அகரவரிசைப்படுத்தினால் பிழையும் சரியும் அடுத்தடுத்து வந்து நிற்கும், கண்ணுக்கு எளிது. ஒரே கோப்பில் ஒரே முறை வரும் சொற்களைச் சந்தேகத்தோடு பாருங்கள். பிழைகள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

தேறியதை ரெப்போவில் ஓர் உரைக் கோப்பாக, வரிக்கு ஒரு சொல்லாக வையுங்கள். சிஸ்பெல் ஜேசனுக்குள் நேரடியாகச் சொற்களைக் குவிப்பதைவிட இது நல்லது. இரண்டு கிளைகள் ஒரே நேரத்தில் சொல் சேர்த்தால் மோதல் வரும். கிட் ஆட்ரிபியூட்ஸ் கோப்பில் அந்த உரைக் கோப்புக்கு மட்டும் 'யூனியன்' இணைப்பு முறையைக் குறித்துவிட்டால் இரு பக்கச் சொற்களும் சேர்ந்துவிடும். இரட்டிப்பு வந்தாலும் தீங்கில்லை.

தமிழ் வரிகளுக்கு, யூனிகோடு ஸ்கிரிப்ட் பண்பு தமிழ் என்று கேட்கும் ரெஜெக்ஸ் ஒன்றை இக்னோர் ரெஜெக்ஸ் பட்டியலில் சேருங்கள். ஹாஷுக்கும் ஒன்று. உங்கள் எச்சரிக்கைகளில் பெரும்பகுதி இந்த இரண்டு வரியிலேயே அடங்கும்.

இரும்புத்துரு

சிஐ-யிலயும் சிஸ்பெல் வேணும்னு குழு பிடிவாதமா இருந்தா, மாறின கோப்புகளை மட்டும் கொடுங்க. கிட் டிஃபோட கோப்புப் பெயர்ப் பட்டியலை பைப் பண்ணி, சிஸ்பெல்லோட ஃபைல்-லிஸ்ட்டை ஸ்டிடின்லருந்து வாங்கச் சொல்லலாம். மாறின கோப்பு எதுவும் சோதனைக்கு உட்படலைன்னா பிழைன்னு நிக்கும். அதுக்கும் ஒரு விருப்பம் இருக்கு, அணைச்சு வைங்க. இன்னும் நுணுக்கமா மாறின வரிக்கு மட்டும் வேணும்னா ரிவ்யூடாக் நடுவுல வைங்க, அது டிஃப்ல சேர்ந்த வரியில இருக்குற எச்சரிக்கையை மட்டும் பிஆர் கமென்ட்டா போடும்.

இன்னொண்ணு: கருவியோட பதிப்பைக் கட்டாயம் பூட்டுங்க. டைப்போஸ், கோட்ஸ்பெல் ரெண்டுக்கும் புதுப் பதிப்புன்னா பெரும்பாலும் அகராதியில புதுச் சொற்கள். 'சமீபத்திய பதிப்பு'ன்னு விட்டா, ஒரு வரி கோடு மாறாமலே நேத்து பச்சையா இருந்த கிளை இன்னைக்குச் சிவப்பாகும், சம்பந்தமே இல்லாத ஒருத்தரோட பிஆர் நிக்கும். பதிப்பை ஏத்துறது தனி பிஆரா இருக்கணும். அந்தப் பதிப்பு காட்டுற பிழைகளையும் அதே பிஆர்ல திருத்தணும்.

மல்லிகை_பிஓ

எல்லாரும் பிடிப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். திருத்துவதில்தான் சேதம் வரும், அதைச் சொல்ல வேண்டும்.

உலகறிந்த எடுத்துக்காட்டு ஹெச்டிடிபி-யின் 'ரெஃபரர்' தலைப்பு. ஒரு ஆர் குறைவாக 1996-இல் வந்த ஆர்எஃப்சி 1945-இலேயே பதிந்துவிட்டது. இன்றும் அப்படியே இருக்கிறது. பின்னால் வந்த ரெஃபரர்-பாலிசி தலைப்பு சரியான எழுத்தில் இருக்கிறது; உலாவியின் டாக்குமென்ட் பொருளில் உள்ள பண்பும் சரியான எழுத்தில்தான். ஆக ஒரே கோடில் இரண்டு வடிவமும் வரும், இரண்டும் தேவை. யூனிக்ஸின் 'கிரியேட்' சிஸ்டம் காலில் கடைசி ஈ இல்லாததும் இதே கதை. தானாகத் திருத்தும் கருவியை நிரல் கோப்புகளில் கண்ணை மூடி ஓட்டினால் இப்படிப்பட்ட பெயர்கள்தான் முதலில் உடையும்.

கமென்ட், டாக்ஸ்ட்ரிங், உள் மாறிகள் ஆகியவற்றைத் தாராளமாகத் திருத்துங்கள். வெளியில் தெரியும் பெயர் என்றால் மாற்றக் கூடாது, சேர்க்க வேண்டும். சரியான எழுத்தில் புதிய ஃபங்ஷன், பழைய பெயர் அதை அழைக்கும் உறையாக நிற்கும். பைத்தானில் டெப்ரிகேஷன் வார்னிங் (பழைய பெயர் போகப்போகிறது என்ற எச்சரிக்கை) போட்டால், மெயின் மாட்யூலுக்கு வெளியே அது இயல்பாகக் கண்ணில் படாது. இறுதிப் பயனருக்கே தெரிய வேண்டுமானால் ஃப்யூச்சர் வார்னிங் போடுங்கள். ஸ்டாக் லெவல் 2 என்று கொடுக்காவிட்டால் எச்சரிக்கை உங்கள் லைப்ரரியின் வரியைக் காட்டும், அழைத்தவரின் வரியைக் காட்டாது.

ஜேசன் புலத்தின் பெயர் தவறு என்றால்: வாசிக்கும்போது இரண்டு பெயரையும் ஏற்றுக்கொள்ளுங்கள், எழுதும்போது சில வெளியீடுகள் வரை இரண்டையும் எழுதுங்கள், பிறகு பழையதை விடுங்கள். தரவுத்தள நெடுவரிசை என்றால் என் கருத்து, விட்டுவிடுங்கள். ஜாங்கோ என்ற பைத்தான் வலைச் சட்டகத்தில் டிபி-காலம் என்ற அமைப்பில் பழைய பெயரைக் கொடுத்துவிட்டு, கோடில் சரியான பெயரை வைத்துக்கொள்ளலாம். ஓர் எழுத்துக்காக ஓடும் அட்டவணையின் நெடுவரிசையைப் பெயர் மாற்றினால், பழைய பதிப்பும் புதிய பதிப்பும் ஒன்றாக ஓடும் நிமிடங்களில் இரண்டில் ஒன்று விழும்.

லாக் வரிகளையும் சாதாரணமாக நினைக்காதீர்கள். அந்தப் பிழையான சொல்லைத் தேடித்தான் யாரோ எச்சரிக்கை மணி கட்டியிருப்பார்கள். லாக் வாசகத்தை மாற்றும் பிஆரில், கண்காணிப்பு விதிகள் இருக்கும் ரெப்போவிலும் அதே சொல்லைத் தேடுங்கள்.

நெய்தல்

தானியங்கித் திருத்தத்தை ஒரே கமிட்டாகப் போட்டால் கிட் பிளேம் (எந்த வரியை எந்தக் கமிட் மாற்றியது என்று காட்டுவது) முழுக்க அந்தக் கமிட்தானே வரும்?

கிளைமுனை

கிட் 2.23 முதல் அதற்கு வழி இருக்கிறது. பிளேம் புறக்கணிக்க வேண்டிய கமிட் ஹாஷ்களை ஒரு கோப்பில் எழுதி, பிளேம் இக்னோர் ரெவ்ஸ் ஃபைல் என்ற அமைப்பில் அதைக் காட்டினால் போதும். முழு ஹாஷ் எழுத வேண்டும், சுருக்கம் செல்லாது. இதற்காகவே கமென்ட் திருத்தங்களை ஒரு கமிட், பெயர் மாற்றங்களை வேறு கமிட் என்று பிரிக்க வேண்டும். முதலாவதைப் புறக்கணிக்கலாம். இரண்டாவது உண்மையான மாற்றம், பிளேமில் தெரிந்தாக வேண்டும்.

இன்னொரு இடம் விட்டுப்போகிறது: கமிட் செய்தி. ஒருமுறை புஷ் ஆனால், வரலாற்றை மாற்றி எழுதாமல் அதைத் திருத்த முடியாது. லினக்ஸ் கர்னலின் செக்பேட்ச் நிரல் பேட்ச் விளக்கத்தையும் சேர்த்துப் பார்க்கிறது. பிழை, இரண்டு செங்குத்துக் கோடு, திருத்தம் என்று வரிக்கு ஒரு ஜோடியாக அதற்கென்று ஒரு பட்டியல் இருக்கிறது. அந்தப் பட்டியலின் மூலம் டெபியனின் லின்டியன் கருவி. உங்களுக்கு கமிட்-எம்எஸ்ஜி ஹுக்கில் கோட்ஸ்பெல் ஒன்றே போதும்.

சிவப்புமை

தமிழ்க் கையேட்டுக்கு வருவோம். இங்கே ஆங்கிலக் கருவிகளை அப்படியே நம்பக் கூடாது, காரணம் தொழில்நுட்பமானது.

பைத்தானின் ரெஜெக்ஸில் 'சொல் எழுத்து' என்ற வகை, எழுத்துகளையும் எண்களையும் அடிக்கோட்டையும் மட்டும் சேர்க்கும். தமிழின் உயிர்க்குறிகளும் புள்ளியும் யூனிகோடில் 'எழுத்து' வகை இல்லை, 'குறி' வகை. ஆகவே 'பிழை' என்ற சொல், இகரக் குறியிலும் ஐகாரக் குறியிலும் உடைந்து ப, ழ என்று இரண்டு துண்டாகிவிடும். கோட்ஸ்பெல்லுக்குத் தமிழ்ப் பிழைப் பட்டியல் எழுதிக் கொடுத்தாலும் அது ஒருபோதும் பொருந்தாது. இதில் ஒரு நன்மையும் உண்டு. தமிழ் அடைவில் கோட்ஸ்பெல்லை ஓடவிடலாம், தமிழ் வரியின் நடுவே வரும் ஆங்கிலச் சொற்களின் பிழையை மட்டும் எடுத்துக்காட்டும், தமிழைத் தொந்தரவு செய்யாது.

சரியான சொற்களின் பட்டியல் என்ற வழி தமிழுக்குக் கடினம். 'கோப்பு' ஒரு சொல். கோப்பில், கோப்பிலிருந்து, கோப்புகளையும், கோப்பாகத்தான் என்று அது நீண்டுகொண்டே போகும். ஹன்ஸ்பெல்லின் ஒட்டு விதிகளால் ஓரளவு சமாளிக்கலாம், ஆனால் ஒட்டின் மேல் ஒட்டு ஏறும்போது விதிகள் பெருகிவிடும். புணர்ச்சி இன்னொரு தடை. 'கோப்பைத் திற' என்பதில் ஒற்று வர வேண்டுமா என்பதை அடுத்த சொல்தான் முடிவு செய்கிறது. சொல்லைத் தனியாகப் பார்க்கும் கருவிக்கு 'கோப்பை'யும் சரி, 'கோப்பைத்'தும் சரி.

அதனால் வாயிலில் வைக்க வேண்டியது தவறுகளின் பட்டியலும் சில ரெஜெக்ஸ் விதிகளும்தான். வரிசை முக்கியம்.

முதலில் எல்லாக் கோப்பையும் யூனிகோடு என்எஃப்சி (பிரிந்த குறிகளைச் சேர்த்து ஒரே முறையில் எழுதும்) வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். 'கொ' எழுதும்போது ஒகரக் குறி ஒரே குறியாகவும் வரலாம், எகரக் குறியும் காலும் தனித்தனியாகவும் வரலாம். பார்க்க ஒன்று, பைட்டில் வேறு. தேடல் தோற்கும், டிஃப்பில் காரணமில்லாமல் வரி மாறியதாகக் காட்டும்.

அடுத்து, ஓர் உயிர்க்குறிக்குப் பின் இன்னோர் உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் பிழை. என்எஃப்சி-க்குப் பிறகு இதற்கு விதிவிலக்கே கிடையாது. ரகர மெய்க்குப் பதிலாகக் காலுக்கு மேல் புள்ளி வைத்து எழுதியவை இதில் மாட்டும். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒன்று போலவே தெரியும், கண்ணால் பிடிக்க முடியாது. சொல்லுக்கு நடுவே பூஜ்ய அகல எழுத்துகள் இருந்தால் அவற்றையும் பிழையாக்குங்கள். வலைப்பக்கத்திலிருந்து ஒட்டும்போது ஒட்டிக்கொண்டு வரும்.

மூன்றாவது, றகர மெய்க்குப் பின் வல்லினம் இரட்டித்தால் எப்போதும் பிழை: முயற்ச்சி, பயிற்ச்சி, அதற்க்கு. ஒரே ரெஜெக்ஸில் அத்தனையும் சிக்கும், தவறான எச்சரிக்கையே வராது. ரகர, ழகர, யகர மெய்களை இதில் சேர்த்துவிடாதீர்கள். பார்த்து, வாழ்க்கை, காய்ச்சல் எல்லாம் சரியான சொற்கள்.

நான்காவது ஔகாரம். 'கௌரவம்', 'மௌனம்', 'பௌர்ணமி' ஆகியவற்றை எகரக் குறியும் ளகரமுமாக எழுதுவது மிகப் பரவலானது. என்எஃப்சி இதைத் திருத்தாது, ஏனென்றால் அது உண்மையான ளகரம். பொதுவிதியும் போட முடியாது, 'வெள்ளை'யும் 'ஒளி'யும் மாட்டிக்கொள்ளும். சொல் சொல்லாகப் பட்டியல்தான் வழி. 'ஸ்ரீ' இன்னொன்று. 2005-இல் யூனிகோடு 4.1-இல் ஶ சேர்ந்த பிறகு அதை இரண்டு விதமாக எழுத முடிகிறது. ஒன்றைத் தேர்ந்து மற்றதைத் தடைசெய்யுங்கள்.

இவற்றை வேலின் 'எக்ஸிஸ்டென்ஸ்' வகை விதியாகவே எழுதலாம். 'நான்வேர்டு' என்பதை ட்ரூ ஆக்க மறக்காதீர்கள். இல்லையென்றால் வேல் உங்கள் ரெஜெக்ஸின் இரு பக்கமும் சொல் எல்லையைச் சேர்க்கும். இந்த விதிகள் சொல்லின் நடுப்பகுதியைத் தேடுபவை, எதிலும் பொருந்தாமல் போகும். ஆங்கில எழுத்துச் சோதனையைத் தமிழ் அடைவுக்கு மட்டும் அணைத்துவிடுங்கள். வேலில் கோப்புப் பாதைக்கு ஏற்றபடி விதியை அணைக்கலாம்.

ஒற்று மிகும் இடங்களுக்கு நீச்சல்காரன் உருவாக்கிய வாணி திருத்தி இருக்கிறது. சிஐ-யில் சேர்க்க வேண்டாம். கையேட்டின் ஒரு பகுதி எழுதி முடிந்ததும் எழுதியவரே அதில் இட்டுப் பார்க்கலாம்.

இரும்புத்துரு

ஒரு கேள்வி சிவப்புமை அக்கா. அந்த நாலு விதிக்கு வேல் எதுக்கு? பைத்தான்ல சின்ன ஸ்கிரிப்ட் போதுமே?

சிவப்புமை

போதும் தம்பி, தமிழ் எழுத்து வரம்பை ரெஜெக்ஸில் நேரடியாகக் கொடுத்தால். ஆனால் மார்க்டவுனின் கோடு பெட்டிகளை நீங்களே விலக்க வேண்டியிருக்கும். அதோடு, கையேட்டில் 'இப்படி எழுதாதீர்கள்' என்று பிழையையே காட்டும் இடம் வந்தால் அந்த வரியை மட்டும் விலக்க ஒரு குறி வேண்டும். வேலில் இரண்டும் தயாராக இருக்கின்றன. பி.ஓ. கோப்புகளுக்கு மட்டும் உங்கள் ஸ்கிரிப்ட்தான் ஏற்றது. அங்கே தமிழ் வாசகம் இருக்கும் எம்எஸ்ஜி-ஸ்டிரிங் வரிகளை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும்.

மல்லிகை_பிஓ

பி.ஓ. பேச்சு வந்ததால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். நெய்தல், நீங்கள் ஆங்கில முகப்பு வாசகங்களில் எழுத்துப்பிழை திருத்தப் போகிறீர்கள் என்றால் கவனம்.

கெட்டெக்ஸ்டில் ஆங்கில வாசகமே சாவி. அதில் ஓர் எழுத்தைத் திருத்தினால் பழைய சாவி மறைந்து புதிய சாவி பிறக்கும். அடுத்த எம்எஸ்ஜி-மெர்ஜ் (புதிய சாவிகளை பி.ஓ. கோப்புகளில் சேர்க்கும் கருவி) ஓட்டத்தில் தமிழ், இந்தி, பிரெஞ்சு என்று எல்லா மொழியிலும் அந்த வாசகம் 'ஃபஸ்ஸி' (சரிபார்க்க வேண்டியது) என்று குறிக்கப்படும். எம்எஸ்ஜி-எஃப்எம்டி தொகுக்கும்போது ஃபஸ்ஸி வாசகங்களைச் சேர்க்காது. விளைவு: ஆங்கிலத்தில் ஒரு பிழை திருந்தும், மற்ற மொழிகளில் அந்தப் பொத்தான் ஆங்கிலமாகிவிடும். மொழிபெயர்ப்பாளர்கள் எந்தத் தவறும் செய்யாமல் அவர்கள் வேலை மறைந்துபோகும்.

தவிர்க்கும் வழி: மூலக் கோடில் திருத்தும் அதே கமிட்டில், பி.ஓ.டி. என்ற வார்ப்புருக் கோப்பிலும் எல்லா பி.ஓ. கோப்புகளிலும் எம்எஸ்ஜி-ஐடி (ஆங்கிலச் சாவி) வரிகளில் அதே திருத்தத்தைச் செய்யுங்கள். இது எம்எஸ்ஜி-மெர்ஜ் ஓடுவதற்கு முன் நடக்க வேண்டும். எம்எஸ்ஜி-ஐடி பல வரிகளாக மடிந்திருந்தால் தேடல் தவறலாம். முதலில் எம்எஸ்ஜி-கேட்டை நோ-ரேப் விருப்பத்தோடு ஓட்டி ஒற்றை வரிகளாக்கிக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் ஆங்கில பி.ஓ. இருந்தால் அதன் மொழிபெயர்ப்பு வரியிலும் அதே பிழை நகலாகியிருக்கும், அதைத் தனியாகப் பாருங்கள்.

ஏற்கனவே ஃபஸ்ஸி ஆகிவிட்டதென்றால், எம்எஸ்ஜி-ஆட்ரிபில் ஃபஸ்ஸி குறியை மொத்தமாக நீக்கும் விருப்பத்தைத் தொடவேண்டாம். எழுத்துப்பிழைத் திருத்தத்தால் ஃபஸ்ஸி ஆனவையும், பொருள் மாறியதால் ஃபஸ்ஸி ஆனவையும் ஒன்றாக விடுதலையாகும். 'நீக்கு' என்ற பழைய மொழிபெயர்ப்பு 'காப்பகப்படுத்து' என்ற புதிய பொத்தானில் போய் உட்காரும். ஃபஸ்ஸி ஆவதற்கு முந்தைய பி.ஓ. கோப்புகளை கிட்டிலிருந்து மீட்டு, எம்எஸ்ஜி-மெர்ஜை முந்தைய எம்எஸ்ஜி-ஐடியையும் காட்டும் 'ப்ரீவியஸ்' விருப்பத்தோடு மறுபடி ஓட்டினால், ஒவ்வொரு ஃபஸ்ஸிக்கும் பழைய வாசகம் மேலே கமென்ட்டாக வரும். பழையதும் புதியதும் ஓரிரு எழுத்தில் மட்டும் வேறுபடும் இடங்களை அதைக் கொண்டு பிரித்து, அவற்றின் குறியை மட்டும் எடுங்கள். எஞ்சியதை மொழிபெயர்ப்பாளர் பார்க்கட்டும்.